ஏத்தச் சொன்னவன் மண்டியிலே, அபராதம் கட்டுறவன் ரோட்டிலே!



போன வருஷம் ஆனி மாசம் நம்ம ஊர்க்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து, கமிஷன் மண்டிக்குக் கொடுத்து மாளாமல், தக்காளியை நேராகக் கேரளாவுக்கு அனுப்பினோம். ஒட்டன்சத்திரத்தில் பிடித்த மினி லாரி. பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டு வழியாகத் திருச்சூர் போய்ச் சேர வேண்டியது. ராத்திரி ஒரு மணிக்கு வழியில் நிறுத்தி எடைமேடையில் ஏற்றினார்கள். நாலு டன் வண்டி. ஏறியிருந்தது ஆறு டன். ரெண்டு டன் கூடுதல்.

சட்டப்படி கணக்குப் போட்டார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. ஆக 24,000. அன்றைக்குத் தக்காளி கிலோ 5 ரூபாய். பெட்டிக்கு 15 கிலோ, ஆக 75 ரூபாய். இருபத்து நாலாயிரத்துக்கு 320 பெட்டி விற்க வேண்டும். வண்டியில் இருந்ததே 400 பெட்டி! விதை, நாற்று, மருந்து, பறிப்புக்கூலி, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் மிச்சம் 80 பெட்டி.

அதோடு முடியவில்லை. கூடுதல் பாரத்தை இறக்கினால்தான் வண்டி நகரும் என்றார்கள். நடு ராத்திரியில் மாற்று வண்டிக்கு எங்கே போவது? மறுநாள் மத்தியானம் வண்டி கிடைத்து ஏற்றியபோது கீழ் அடுக்குப் பெட்டிகள் ஒழுகிக்கொண்டிருந்தன. டிரைவர் தம்பி ரெண்டு நாள் தூக்கம் இல்லாமல், பேட்டாவும் இல்லாமல், எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நின்றான்.

கூச்சப்பட வேண்டியவன் அவனா? அன்றைக்கு மார்க்கெட்டில் அவன் "போதும்ணா, தாங்காது, செக்கிங் இருக்கு" என்று மூணு தடவை சொன்னான். "இன்னும் அம்பது பெட்டி வைப்பா, மிச்சத்துக்கு இன்னொரு டிரிப்பு வாடகை யாரு கொடுக்குறது" என்று சொன்னது நாங்கள்தான். இதை மறைத்துவிட்டு அரசாங்கத்தை மட்டும் திட்டி நோட்டீஸ் போட்டால் அது நேர்மையாகாது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறோம்.

ஆனால் நாங்கள் ஏழு பேர் செய்தது ஒரு நாள் தவறு. இதையே தொழிலாக, தினம் தினம் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்த எடைமேடை பிடித்தது? கரும்பு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை வாசலில் எடைமேடை இருக்கிறது. வண்டி உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை, கம்ப்யூட்டர் சீட்டு. அந்தச் சீட்டில் வண்டி நம்பர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, டன் கணக்கு இருக்கிறது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை டன் மீறல் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். குற்றத்தை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்திருக்கிறார்கள்! பெரிய குடோன்களிலும் மொத்த மண்டிகளிலும் இதே கதைதான். அங்கே யாரும் போய்க் கேட்பதில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ரோட்டில், தனியாக வருகிற டிரைவரிடம்தான் கேட்கிறார்கள்.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 194-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓவர்லோடு வண்டியை ஓட்டுகிறவன் மட்டும் அல்ல, ஓட்டக் காரணமாக இருக்கிறவனும் ஓட்ட விடுகிறவனும் தண்டனைக்கு உரியவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியது காகிதத்தில் இருக்கிறது, வசூல் மட்டும் ஸ்டியரிங் பிடித்தவனிடம் நடக்கிறது. உயர்த்திய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. அதன் பிறகு இந்த அநியாயம் பத்து மடங்கு வலிக்கிறது. பழைய சட்டத்தில் ரெண்டாயிரத்தில் ஆரம்பித்த அபராதம் இன்று இருபதாயிரத்தில் ஆரம்பிக்கிறது அல்லவா?

ஓவர்லோடு நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும், ரோடு போகும், போகிற ரோட்டில் நம்ம பிள்ளைகள்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகின்றன. அபராதத்தைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக முடியாது, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரியான தீர்ப்பு. ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 16.2 டன் என்று இருந்ததை 2018-ல் 18.5 டன்னாக மத்திய அரசு உயர்த்தியது. இன்றைக்கு எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற எடைதான் கணக்கு. அதைப் பார்த்து ஏற்றினால் பயம் இல்லை. குட்டியானை என்று நாம் சொல்கிற வண்டியின் முதல் மாடலுக்குப் பாரம் முக்கால் டன். தக்காளிப் பெட்டி என்றால் ஐம்பது. நாம் ஏற்றுவது எத்தனை என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

டிரைவர்கள் விஷயத்துக்கு வருவோம். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்று சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. எட்டு மணி நேர எல்லை அதிலும் உண்டு. ஆனால் சாயந்திரம் நாலு மணிக்கு லோடு ஏற்ற வந்து நின்று, ராத்திரி பத்துக்குக் கிளம்பி, விடியக்காலை மூணு மணிக்கு இறக்கி, காலி வண்டியோடு மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, அன்று சாயந்திரமே மறுபடி வரிசையில் நிற்கிற டிரைவரிடம் இந்த எட்டு மணி நேரத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். டிரிப்புக் கணக்கில் பேட்டா. தூங்கினால் காசு இல்லை. மார்க்கெட்டில் காத்திருக்கிற ஆறு மணி நேரத்தை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. படுக்க இடம் இல்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை, வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கிறான். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது, நல்லதுதான். பதினைந்து வருஷப் பழைய வண்டி ஓட்டுகிற நம்ம ஊர்ப் பையனுக்கு அது எப்போது வந்து சேரும்?

அவன் கண் அசந்தால் போவது அவன் உயிர் மட்டும் இல்லை. லோடு மேலே நம்ம ஆட்கள் உட்கார்ந்து போகிறார்களே! இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 1994 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் இன்சூரன்ஸ் பொறுப்பு உண்டு. அதுவும் கேபினில் உட்கார்ந்து போனால்தான் தகராறு இல்லாமல் கிடைக்கும். சரக்குக்குச் சம்பந்தம் இல்லாமல் ஓசியில் ஏறிப் போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. களை எடுக்கப் போகிற பெண்களைச் சரக்கு வண்டியில் நிற்க வைத்து அனுப்புகிறோம். வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு வண்டிக்காரன் தலையில். அவனிடம் என்ன இருக்கிறது? இ.எம்.ஐ. பாக்கிதான் இருக்கிறது. செத்தவர் குடும்பம் கோர்ட்டு வாசலில் நிற்கும். விவசாயத்துக்கு என்று பதிவு செய்த டிராக்டர் டிரெய்லரில் வாடகைக்குச் செங்கல், மணல் அடிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நமக்குச் சாதகமாக இருக்கிறதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததால்தான் ரோட்டில் பயந்து காசு கொடுக்கிறோம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், பேட்ஜ் தனியாக வேண்டாம் என்று 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள். புதுக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, இ-வே பில்லும் கேட்கக் கூடாது. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் செல்போனில் டிஜிலாக்கர் மூலம் காட்டினால் 2018 முதல் அது செல்லும். ஓவர்லோடு என்று சந்தேகம் வந்தால் எடை போட்டுப் பார்க்கத்தான் சட்டம் சொல்கிறது. போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு போகச் சொல்லலாம். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதுகிற வேலை கூடாது. எழுதினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் அபராதம் அல்ல, அதற்கு வேறு பெயர்!

எஃப்.சி. விஷயத்தில் மட்டும் ஏமாற்றாதீர்கள். எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றுகிற வண்டியில் நம்ம விளைச்சலை ஏற்றக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. நம்ம உறுப்பினர் வண்டியாக இருந்தாலும் சரி.

நாம் கேட்பது இதுதான். எடை போடுவதைப் பாரம் ஏற்றுகிற இடத்திலேயே போடு. ஒவ்வொரு பெரிய மார்க்கெட்டிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் அரசு எடைமேடை வை, வண்டி வாசலைத் தாண்டும் முன்பே கூடுதலை இறக்கிவிடலாம். பொருளும் அழுகாது, டிரைவரும் ரோட்டில் நிற்க மாட்டான். ஆலையும் குடோனும் வைத்திருக்கிற எடைச்சீட்டை வாங்கிப் பார்த்து, ஏற்றச் சொன்னவன் மேல் முதல் வழக்குப் போடு. அழுகும் பொருள் ஏற்றிய வண்டியைப் பிடித்தால் கூடுதலை மாற்ற அங்கேயே ஏற்பாடு செய்து, மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள் விடு. மார்க்கெட்டில் டிரைவர்களுக்குப் படுக்க ஒரு கொட்டகையும் கழிப்பறையும் கட்டு, நுழைவுக் கட்டணம் வாங்குகிறாய் அல்லவா?

இதை மனுவாக எழுதி வருகிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முன்பு அழுகிய தக்காளியைக் கொட்டி உட்காருவோம். லாரி டிரைவர்களையும் கூப்பிட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வரும்போது வீட்டில் கிடக்கிற அபராத ரசீது, ஆலை எடைச்சீட்டு, வாடகைச் சீட்டு எதுவானாலும் நகல் எடுத்துக் கொண்டுவாருங்கள். மனுவோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நகல் எடுக்க முடியாதவர்கள் முந்தின நாள் சாயந்திரம் சங்க ஆபீசில் கொடுத்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.