கடலை முதலாக வைத்த தீவு

டொரொன்டோவில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு கடலடியில் சுழியோடுவதில் பெரிய பைத்தியம். வருகிற பெப்ரவரியில் மனைவியோடு ஒரு வாரம் கரீபியன் தீவொன்றுக்குப் போக இருக்கிறான். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது, "மாமா, மெக்சிக்கோவின் கொசுமெல் தீவுக்கு மலிவாக ஒரு பக்கேஜ் கிடைக்கிறது. பொனேயர் என்றால் தீவில் இறங்கவே 75 டொலர் வரி. கடலில் கால் வைக்க இன்னும் 40 டொலர். இது பகற்கொள்ளை இல்லையா?" என்று கேட்டான்.

எனக்குச் சுழியோடலைப் பற்றி என்ன தெரியும்? கழுத்தளவு தண்ணீருக்கு அப்பால் நான் போனதில்லை. ஆனால் விலை நியாயமா என்று கேட்டால் முப்பது வருடம் கல்லாவில் இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டு வாரம் தேடிப் படித்தேன். நம்மவர் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பொனேயர், வெனிசுவேலா கரைக்கு வடக்கே இருக்கும் சிறிய தீவு. 2010 ஒக்டோபர் முதல் நெதர்லாந்தின் விசேட மாநகரமாக இருக்கிறது. 2011இலிருந்து அமெரிக்க டொலர்தான் அங்கே நாணயம். மழை குறைந்த, கள்ளிச்செடி வளரும் பூமி. உப்பளம் உண்டு. அதைத் தவிர விற்பதற்கு அவர்களிடம் இருந்தது கடல் ஒன்றுதான். ஆமைகளுக்கு 1961இலேயே பாதுகாப்புக் கொடுத்தார்கள். ஈட்டியால் மீன் குத்துவதை 1971இல் தடை செய்தார்கள். 1979இல் தீவைச் சுற்றி 60 மீற்றர் ஆழம் வரை கடற் பூங்காவாக்கினார்கள். முருகைக்கல் மேல் நங்கூரம் போட முடியாது. அதற்குப் பதிலாக மிதவைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள், படகு அதில்தான் கட்ட வேண்டும்.

இதில் வியாபாரிக்குச் சுவையான இடம் இனித்தான் வருகிறது. பூங்காவை ஆரம்பித்தது வெளியார் கொடுத்த நன்கொடைப் பணத்தில். சில வருடங்களில் பணம் முடிந்தது. பூங்கா கடதாசியில் மட்டும் இருந்தது. காவலுக்கு ஆளில்லை, மிதவையைப் பராமரிக்க வழியில்லை. நன்கொடையில் தொடங்கும் எத்தனையோ காரியங்களுக்கு நேர்வதுதான் இது. நம் சங்கங்களில் பொருளாளராக இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் விழித்துக்கொண்டு, வருகிற சுழியோடிகளிடமே கேட்டார்கள்: கடலைக் காக்க நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? பெரும்பாலானோர் பத்து டொலருக்கு மேலும் தரச் சம்மதம் என்றார்கள். 1992இல் ஆளுக்கு வருடத்துக்கு 10 டொலர் கட்டணம் வந்தது. அதுவே பூங்காவை நடத்தியது. அந்தப் பத்துதான் படிப்படியாக ஏறி இன்று 40 ஆகியிருக்கிறது.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். 75 டொலர் அரசாங்கத்தின் வரி, அதைப் பற்றி நீ முணுமுணுக்கலாம், நானும் சேர்ந்து முணுமுணுப்பேன். ஆனால் 40 டொலர் வேறு கணக்கு. கடையில் சரக்கை விற்று வந்த பணத்தில் முதலை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை இலாபம் என்பவன்தான் நிலைப்பான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பது வேறு விஷயம். எங்கள் வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் ஒரு காலத்தில் சுண்ணாம்பு மூடை மூடையாக விற்போம். தென் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்ட சுண்ணாம்பு அது. முதலைச் சுட்டு விற்றோம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சரி, மொத்தச் செலவு? கொசுமெலில் சுழியோட்டம் பெரும்பாலும் படகில்தான். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். அழகான கடல் என்கிறார்கள், நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. அங்கும் 1996இலிருந்து பூங்கா இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கவும் படகுக்கூலி. பொனேயரில் பாதையோரம் மஞ்சள் பூசிய கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். காற்று சிலிண்டரை வாரக்கணக்கில் பேசி எடுத்தால் எத்தனை முறையும் மாற்றலாம். நாளைக்கு மூன்று தடவை இறங்குகிற என் மருமகனைப் போன்றவனுக்கு இரண்டாம் நாளிலேயே அந்த 40 டொலர் படகுக்கூலியில் மீந்துவிடும். நாளைக்கு ஒரு தடவை போதும் என்பவருக்கு இந்தக் கணக்கு சரிவராது. அவர் கொசுமெல் போகட்டும். கேமன் தீவுகளும் பேர்போனவைதான், ஆனால் விலைவாசி கடுமை. அவர்களுடைய ஒரு டொலர் அமெரிக்க டொலர் 1.20க்குச் சமம், ஹோட்டல் பில்லைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

புயலைப் பற்றி தங்கை பயந்தாள். கரீபியனில் புயற்காலம் ஜூனிலிருந்து நவம்பர் முடிய. பெப்ரவரியில் கவலையில்லை. பள்ளி விடுமுறைக்கு ஓகஸ்டில் போகிற குடும்பங்கள் யோசிக்க வேண்டும். 2004இல் ஐவன் கிராண்ட் கேமனையும், 2005இல் வில்மா கொசுமெலையும் புரட்டிப் போட்டன. பொனேயர் தெற்கே ஒதுங்கி இருப்பதால் ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1999இல் லெனி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து வந்து அங்குள்ள முருகைக்கல்லையும் உடைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2023இல் அங்கும் முருகைக்கல்லை அழிக்கும் நோய் வந்துவிட்டது. கட்டணம் கட்டியதால் நோய் நிற்காது. கரை கரடுமுரடான கல், இறங்கும்போது வழுக்கும். நிறுத்திய வண்டியில் பொருட்களை விட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்கும் என்ற உத்தரவாதமில்லை. மருமகனின் மனைவி சுழியோடுவதில்லை. நீண்ட மணற்கரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். எதிரே உள்ள க்ளைன் பொனேயருக்குப் படகில் போய் மேலிருந்தே முகமூடி போட்டுப் பார்க்கலாம். உடல் முழுவதையும் மூடும் சுழியோடி உடை இருப்பதால் நம் பெண்களுக்கு அதில் சங்கடமும் இல்லை. ஹலால் விஷயத்தில் மீனோடு வாரத்தைக் கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எந்தத் தீவானாலும் மூன்று விஷயம் கேட்காமல் காசு கட்டாதே என்றேன். அழுத்தச் சிகிச்சை அறை அங்கே வேலை செய்கிறதா, காப்புறுதி சுழியோடலையும் உள்ளடக்குகிறதா, கடைசியாக இறங்கியதற்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணித்தியாலமாவது இருக்கிறதா. மலிவு பக்கேஜில் திரும்பும் விமானம் அதிகாலையில் இருந்தது. கடைசி நாள் முழுவதும் கரையில் உட்கார வேண்டும். அந்த நாளின் ஹோட்டல் வாடகையை அவன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

நேற்று இரவு எடுத்தான். இரண்டு பேருக்கும் பொனேயருக்கு டிக்கட் போட்டாயிற்றாம், 40 டொலரையும் முன்கூட்டியே கட்டிவிட்டானாம். "75ஐ இறங்கின பிறகு முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறேன் மாமா" என்றான்.