ரக்பி லீக்கில் அடுத்த நட்சத்திரம் யார்? ஆளைப் பார்க்காதீர்கள், நிமிடங்களைப் பாருங்கள்!

ஆஸ்திரேலியாவில் ஒவ்வோர் ஆண்டும் என்ஆர்எல் ரக்பி லீக் தொடர் தொடங்குவதற்கு முன்பே பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். ‘இந்த வருஷம் கலக்கப்போகும் இளம் ஃபார்வர்டு யார்?’ என்று கேட்டால் முன்னாள் வீரர்கள், டிவி விமர்சகர்கள், ஃபேன்டஸி ஆடும் ரசிகர்கள் என ஆளாளுக்கு ஐந்து பெயர் சொல்வார்கள். சீசன் முடிவில் எடுத்துப் பார்த்தால் அதில் பல பெயர்கள் இருந்த இடம் தெரியாது. கணித்தவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் புதுப் பட்டியல் போட்டுவிடுவார். ஆனால், ‘எதிர்பார்த்த அளவுக்கு வரலையே’ என்ற பெயரோடு நிற்பவர் 19 வயதுப் பையன்.

இந்தக் கணிப்பு அடிக்கடி தப்புவதற்குக் காரணம் துரதிர்ஷ்டம் அல்ல. பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்ப்பதுதான்.

ஃபார்வர்டு என்ன செய்கிறார்?

1895-ல் இங்கிலாந்தின் வடபகுதி கிளப்புகள் தனியாகப் பிரிந்து உருவாக்கிய ஆட்டம்தான் ரக்பி லீக். ஓர் அணிக்கு 13 பேர், 80 நிமிட ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கப்படலாம். அதற்குள் எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் பந்து கைமாறிவிடும்.

8 முதல் 13 வரை எண் அணிந்த ஆறு பேர் ஃபார்வர்டுகள். பிராப், ஹூக்கர், செகண்ட் ரோ, லாக் என்று அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. கனத்த உடம்போடு எதிரணிச் சுவரில் மோதி சில மீட்டர் பிடுங்கித் தருவதும், திரும்பி ஓடிவந்து எதிரணியை மடக்குவதும் இவர்கள் வேலை. இதையே ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். யாராலும் எளிதில் தாங்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான பிராப்கள் கொஞ்ச நேரம் ஆடி, வெளியே போய் மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே வருகிறார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு ஃபார்வர்டின் மீட்டர், டாக்கிள், ஃபேன்டஸி புள்ளி எல்லாமே அவர் களத்தில் நிற்கும் நிமிடங்களோடு கட்டப்பட்டவை. ‘திடீர் எழுச்சி’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு, பயிற்சியாளர் அவருக்குக் கொடுத்த நேரம் திடீரெனக் கூடியதுதான்.

பேன் ஹாஸ் சொல்லும் கதை

பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணியின் பேன் ஹாஸை எடுத்துக்கொள்வோம். 2018-ல் 18 வயதில் அறிமுகமாகி ஒருசில ஆட்டங்களே ஆடினார். 2019-ல் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான டாலி எம் விருதை வாங்கினார். பிராப் ஆகப்பட்டவர் 80 நிமிடமும் வெளியே வராமல் ஆடுகிறாரே என்று ஊரே அசந்துபோனது.

திறமை இல்லாமல் இது நடக்காது. ஆனால், அந்த அணியில் அப்போது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 முடிவில் அனுபவசாலி சாம் தைடே ஓய்வு பெற்றார். ஜோஷ் மெக்குவையர் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கும், கோர்பின் சிம்ஸ் செயின்ட் ஜார்ஜ் அணிக்கும் போய்விட்டார்கள். பயிற்சியாளர் வெய்ன் பென்னட்டும் கிளம்ப, ஆன்டனி சீபோல்டு வந்தார். முன்வரிசையில் இத்தனை இடம் ஒரே நேரத்தில் காலியானது. அதை நிரப்பும் உடம்பும் மூச்சும் ஹாஸிடம் இருந்தது. ஹாஸின் திறமையை மட்டும் பார்த்தவர் பாதிக் கதையைத்தான் பார்த்தார். காலியான நாற்காலிகளையும் எண்ணியவருக்குத்தான் முழுக் கதையும் தெரிந்திருக்கும்.

பெருக்கல் கணக்கு ஏன் தப்பு?

‘20 நிமிஷத்துல 70 மீட்டர் ஓடுறான். 60 நிமிஷம் குடுத்தா 210 மீட்டர் ஓடுவான்ல?’ பட்டியல் போடுபவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். பெஞ்சிலிருந்து வரும் பையன், எதிரணியின் பெரிய ஆட்கள் ஏற்கெனவே களைத்துப்போன நேரத்தில் புத்தம் புது மூச்சோடு இறங்குகிறார். ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் இறங்குபவருக்கு எதிரில் நிற்பவர்களும் புது மூச்சோடுதான் நிற்பார்கள். அந்த 20 நிமிட வேகத்தை மூன்றால் பெருக்கினால் வருவது வெறும் ஆசைக் கணக்கு.

விதிகளும் இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் ஓர் ஆட்டத்தில் அனுமதிக்கப்படும் வீரர் மாற்றங்கள் பத்திலிருந்து எட்டாகக் குறைந்தன. 2020-ல், மடக்கப்பட்டவரை எழவிடாமல் தாமதம் செய்தால் பெனால்டிக்குப் பதில் ஆறு டாக்கிள்களும் முதலிலிருந்து எண்ணப்படும் என்ற விதி வந்தது. ஆட்டம் நின்று நின்று போவது குறைந்தது, பெரிய உடம்புக்காரர்கள் இளைப்பாறும் இடைவெளியும் குறைந்தது. அதனால் இளம் ஃபார்வர்டிடம் ‘எவ்வளவு பலமா மோதுறான்’ என்பதைவிட, ‘மோதிட்டு எவ்வளவு சீக்கிரம் எழுந்து வரிசைக்குத் திரும்புறான்’ என்பதே நல்ல கேள்வி. ஹைலைட்ஸ் வீடியோவில் இது தெரியாது. முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சிலருக்கு மெதுவாகத்தான் வரும்

ஜேசன் தவுமலோலோ 2010-ல் 17 வயதிலேயே கவ்பாய்ஸுக்காக இறங்கினார். ஆட்டத்தின் உச்ச விருதான டாலி எம் பதக்கத்தை கூப்பர் குரோங்குடன் பகிர்ந்துகொண்டது 2016-ல். 2017-ல்தான் ஏறத்தாழ ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் வந்தது. அறிமுகத்துக்கும் உச்ச விருதுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள்.

பென்ரித் அணியின் ஐசையா யோ வேறு மாதிரி. 2014-ல் அறிமுகமாகி, சென்டரிலும் செகண்ட் ரோவிலும் ஆடிவந்தவர். லாக் இடத்தில் நிலைத்து, பந்தைக் கைமாற்றி ஆட்டத்தை நடத்தும் வேலை கைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் நடுப்பகுதி. 2021 முதல் 2024 வரை பென்ரித் தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்றதில் அவர் முக்கியத் தூண். இடம் மாறியதும் ஆள் வெளிப்பட்டார். இரண்டாவது சீசனிலேயே ‘இவ்வளவுதான்’ என்று தீர்ப்பு எழுதியிருந்தால் இந்த இருவரையுமே தவறவிட்டிருப்பார்கள்.

யார் விலை கொடுக்கிறார்கள்?

‘பட்டியல்தானே, பொழுதுபோக்குதானே’ என்று கேட்கலாம். ரசிகரின் ஃபேன்டஸி அணி தோற்றால் அது பொழுதுபோக்குதான். ஆனால், கிளப்புகளும் இதே சூதாட்டத்தைத்தான் ஆடுகின்றன. சம்பள உச்சவரம்பு இருப்பதால் வளர்ந்த நட்சத்திரத்தை வாங்குவதைவிட, வளரும் முன்பே பிடித்துப்போடுவது மலிவு. அந்த அவசரத்தில், வயதுக்கு முன்பே உடம்பு முற்றிய பையன்களின் மீது முதல் கண் விழுகிறது. தன் வயதுக்காரர்களை இடித்துத் தள்ளியவர், முப்பது வயது ஆண்கள் நடுவில் இறங்கும்போதுதான் உண்மைச் சோதனை தொடங்குகிறது. பல பசிபிக் தீவுக் குடும்பங்களுக்கு மகனின் ஒப்பந்தமே வீட்டின் பெரிய நம்பிக்கை என்பதால், ‘இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்’ என்று சொல்வது எளிதல்ல.

ஆபத்து இருக்கிறது என்பதை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. 18 வயது நிறையாதவர் என்ஆர்எல்லில் ஆட இப்போது சிறப்பு அனுமதி வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் 11 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது 2023-ல் வந்த விதி. மோதலே தொழிலான ஃபார்வர்டுக்கு, கூடுதல் நிமிடம் என்றால் கூடுதல் புகழ் மட்டுமல்ல, கூடுதல் அடியும்தான்.

கணிக்கவே வேண்டாம் என்பதல்ல வாதம். ஒரு பெயரைச் சொல்லும் முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அணியில் யார் வெளியேறினார்கள்? அந்த நிமிடங்கள் யாருக்குப் போகும்? பையன் முழு ஆட்ட வேகத்தில், களைத்த பிறகும், சரியாக மடக்குகிறாரா? போன வருஷக் காயம் முழுசா ஆறிவிட்டதா? இவற்றுக்குப் பதில் இருந்தால் அது கணிப்பு. பதில் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது ஆரூடம்.

கணிப்பு தப்பினாலும், அவசரப்பட்டது கணித்தவரே தவிர, பையன் அல்ல. அந்த வயதில் அவருக்குத் தேவை இன்னொரு சீசன், அவ்வளவுதான்.