விண்டோஸை விட்டுப் போகலாமா?



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. அதுமுதல் நாசரேத் பஜாரிலும் குரும்பூர், சாத்தான்குளம் பக்கமும் கம்ப்யூட்டரில் பில் போடும் கடைக்காரர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணாச்சி, இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா, இல்ல லினக்ஸ்னு சொல்றாங்களே, அதுக்குப் போயிரலாமா?" துவரம்பருப்பு விலை கேட்க வருகிறவர் இதையும் சேர்த்துக் கேட்கிறார். கேட்ட அத்தனை பேருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றிற்று.

விண்டோஸ் உசத்தியா, ஆப்பிள் உசத்தியா, லினக்ஸ் உசத்தியா என்று படித்த பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்துவார்கள். நாம் பார்த்தவரையில் உசத்தி தாழ்த்தி பார்த்து யாரும் மாறுவதில்லை. இருக்கிற இடத்தில் மனம் கசந்தால்தான் மாறுகிறார்கள். இருபது வருஷமாக ஒரே மண்டியில் சரக்கு எடுக்கிறவர் கிலோவுக்கு 25 பைசா குறைகிறது என்பதற்காக வேறு மண்டி தேடுவாரா? மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் தவணையைக் குறைத்து, "இனிமேல் இப்படித்தான்" என்று பேசினால் அன்றைக்கே படி இறங்கிவிடுவார். விண்டோஸ் விஷயத்தில் நடந்திருப்பதும் இதுதான்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அப்போது விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களை ஒரு வருஷ காலம் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ம் இலவசம்தான். ஆனால் நிபந்தனை வைத்துவிட்டார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ஆக, 2017-க்கு முன் வாங்கிய பெட்டிகளுக்குக் கம்பெனி கணக்குப்படி இடமில்லை. பெட்டியில் ஒரு பழுதும் கிடையாது. காலையில் போட்டால் இரவு கடை சாத்தும்வரை பில் போடுகிறது. அதைக் குப்பை என்கிறார்கள். வியாபாரிக்கு வயிற்றெரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இந்தச் சமயம் பார்த்துச் சில விற்பனையாளர்கள், "நாளையிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் ஓடாது" என்று பயம் காட்டிப் புதுப் பெட்டி தள்ளிவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் பண்டிகைச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை இதில் போட்டுவிட்டார். பெட்டி நின்றுபோகாது. ஓடத்தான் செய்யும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது, அவ்வளவே. அது சின்ன விஷயம் என்றும் நாம் சொல்லவில்லை. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்து ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தார்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். ஐந்து வருஷத்துப் பற்று வரவு ஒரே பெட்டியில் இருக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் தூங்க முடியாது.

தாழ்ப்பாளுக்கும் விலை வைத்தார்கள். வீட்டு உபயோகப் பெட்டிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷ நீட்டிப்பு என்று 2025-இல் அறிவித்தார்கள். நிறுவனங்களுக்கு மூன்று வருஷம் வரை. முதல் வருஷம் பெட்டிக்கு 61 டாலர், அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு. மீட்டர் வட்டிக்காரர்கள் தோற்றார்கள்!

சரி, லினக்ஸுக்குப் போகலாமா? 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டார் சேர்ந்து வளர்த்தது அது. காசு இல்லை, பழைய பெட்டியிலும் ஓடும். நம் தமிழ்நாட்டிலேயே 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்தே வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைத் திறந்து பார்த்தவர்கள்தான். திறந்து பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பினார்கள் என்பதும் நாம் கண்டது.

லினக்ஸின் குறை அதில் இல்லை; நம் கணக்கில் இருக்கிறது. நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே டேலிதான். 1986-இல் தொடங்கிய பெங்களூர்க் கம்பெனியின் சரக்கு. அது விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. ஆடிட்டர் கேட்பதும் டேலி கணக்குத்தான். ஜி.எஸ்.டி. இணையதளம் எந்தப் பெட்டியிலும் திறக்கும், அதில் சிக்கல் இல்லை. டேலியையும் ஏதோ தந்திரம் செய்து லினக்ஸில் ஓட்டலாம் என்கிறார்கள். ஓட்டலாம். 20-ஆம் தேதி ரிட்டர்ன் போட வேண்டிய சாயங்காலம் அது முறுக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? சாத்தான்குளத்திலிருந்து வண்டியில் வந்து பார்க்கிற பையனுக்குத் தெரிந்தது விண்டோஸ். அந்தப் பையன் இருக்கிற பக்கம்தான் நாமும் இருக்க முடியும். (ஆப்பிள் பெட்டி அச்சகக்காரர்களுக்குப் பிரியமானது. அதிலும் டேலி நேராக ஓடாது. விலையைக் கேட்டால் நமக்கு வேண்டாம்.)

ஆகவே நமது கருத்து இது. டேலியில் கணக்கு வைத்திருப்பவர் இப்போதைக்கு விண்டோஸை விட வேண்டாம். அதற்காகப் புதுப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. பெரிய கம்பெனிகள் கழித்துப் போடும் எட்டாம் தலைமுறைப் பெட்டி செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, பல சரக்குக் கடைக்கு அது தாராளம். வெறும் பில் மட்டும் போட்டு, கணக்கை ஆடிட்டரிடம் சீட்டாகக் கொடுக்கிறவர் லினக்ஸைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பில் பிரிண்டரும் மின்னணுத் தராசும் அதோடு பேசுகின்றனவா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு போகட்டும். பார்கோடு மெஷின் பெரும்பாலும் தகராறு செய்யாது.

எங்கே போனாலும் பழைய கணக்கைத் திறக்க வழி இருக்க வேண்டும். வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். பென் டிரைவில் ஏற்றி வைத்தால் போதாது. வேறொரு பெட்டியில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பேரேட்டை எக்ஸலாகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் 'முருகேசன் கடை' என்பது கோழி கிளறியதுபோல் தெரியும். யூனிகோடில் அடித்ததற்கு அந்த வம்பு இல்லை.

மென்பொருள் கம்பெனிகளிடம் தனிக் கடைக்காரர் போய், "எங்கள் கணக்கு எந்தப் பெட்டியிலும் திறக்கும்படி செய்யுங்கள்" என்றால் காதில் விழாது. சங்கங்கள் சேர்ந்து எழுதினால் விழும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதற்குள் உறுப்பினர்கள் தங்கள் பெட்டி எந்த வருஷத்தது, எந்தத் தலைமுறை, என்ன மென்பொருள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால், செகண்ட் ஹேண்ட் பெட்டிகளை மொத்தமாக விலை பேச முடியுமா என்று பார்க்கலாம்.