சதுரக் கல்லா, நீட்டக் கல்லா? முதலில் மூலையைப் பாருங்க!

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்து நண்பன் ஒரு கேள்வியைப் போட்டான். "மச்சி, அண்ணனுக்கு தை மாசம் நிச்சயம். அண்ணிக்கு வைர மோதிரம் போடறாங்க. சதுரக் கல்லா, நீட்டக் கல்லா? வீட்ல ரெண்டு கட்சியா நிக்கறாங்கடா."

இயற்பியல் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் காசில் கற்றுக்கொண்ட பதில். "நீட்டக் கல்லுதான். அதுவும் மூலை வெட்டின நீட்டக் கல்" என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் திண்டிவனம் பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டான். மிச்சம் இங்கே. அவன் படிக்கட்டும், மற்றவர்களும் படித்துவிட்டுத் திட்டட்டும் :-)

முதலில் எங்கள் கதை. அக்கா நிச்சயத்துக்கு அம்மா ஒன்றரை வருஷம் நகைச் சீட்டு கட்டி 30 சென்ட் வைர மோதிரம் வாங்கினாள். (தெரியாதவர்களுக்கு: 100 சென்ட் ஒரு காரட். ஒரு காரட் 0.2 கிராம்.) கடைக்காரர் எடுத்து வைத்ததெல்லாம் சதுரம். "பிரின்சஸ் கட்டுங்கம்மா. இப்ப எல்லாரும் இதான் கேக்கறாங்க." மேலே பத்து விளக்கு. கல் தீப்பொறி மாதிரி பறந்தது. ஓரமாக நீட்டக் கல் ஒன்று அமைதியாக, கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. "அது ஆயாங்க போடறது" என்று சிரித்தார் கடைக்காரர். நாங்களும் சிரித்தோம்.

எட்டு மாதம். அக்கா அடுப்படி கிரானைட் மேடையில் கையை இடித்துக்கொண்டாள். ஒரு மூலை பெயர்ந்து போனது. கடைக்குப் போனால், "வைரம் உடையாதுங்க, நீங்க எங்கயோ இடிச்சிருப்பீங்க" என்று பதில். உடையாது என்றால் இடித்தால் மட்டும் எப்படி சார் உடையும்? மாற்றிக் கேட்டால் பழுதுக்கு என்று பெரிய தொகையைக் கழித்தார்கள். அது போகட்டும். "மூளிக் கல்லு வீட்டுக்கு ஆகாது" என்று அக்கா மாமியார் ஒரு தடவை, ஒரே தடவைதான், சொன்னார். அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் அக்கா இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எனக்குக் கோபம் அதனால்தான்.

இப்போது மேட்டருக்கு வருவோம்.

வைரம் உலகத்திலேயே கெட்டியான பொருள், மோஸ் அளவில் 10, இதைப் பத்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். ஆனால் அந்தப் பத்து, கீறலுக்குத்தான். உடைவதற்கு இல்லை. கருங்கல் எவ்வளவு கெட்டி! ஆனால் வாட்டம் பார்த்து உளியை வைத்தால் பிளக்கிறதே. வைரத்துக்கும் அந்த வாட்டம் உண்டு, நாலு திசையில். 1908-ல் 3106 காரட் கல்லினன் வைரத்தை ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் எப்படித் துண்டாக்கினார்? அறுத்து அல்ல. ஒரு பள்ளம் போட்டு, அதில் கத்தியை வைத்து, தட்டினார்.

அதே ஆஷர் 1902-ல் தன் பெயரில் ஒரு சதுர வெட்டைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாருங்கள், நாலு மூலையும் வெட்டிவிடப்பட்டிருக்கும். நம்ம ஊர் கடையில் 'நீட்டக் கல்' என்று காட்டுகிற எமரால்டு கட்டும் அப்படித்தான். மரகதம் சுலபமாக விரிகிற கல். மூலையைக் கூராக விட்டால் நிற்காது என்று அந்தக் கல்லுக்காக வந்த வெட்டு, பேரும் அதனாலேயே. பிரின்சஸ் கட்டில் மட்டும் நாலு மூலையும் ஊசி மாதிரி நிற்கும். அங்கேதான் கல் மெல்லிசு, அங்கேதான் முதல் இடியும் விழும். அரசகுமாரி கைக்குச் சரி. பாத்திரம் தேய்த்து, துணி கும்மி, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கைக்கு?

அப்புறம் ஏன் கடைகளில் சதுரத்தை அவ்வளவு தூக்கி வைக்கிறார்கள்? இங்கேதான் கணக்கு இருக்கிறது. பூமியிலிருந்து வரும் நல்ல வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டின மாதிரி, எட்டு முகத்தோடு இருக்கும். நடுவில் அறுத்தால் ஒவ்வொரு பாதியும் சதுர அடி வைத்த பிரமிடு. கொஞ்சம் பட்டை தீட்டினால் பிரின்சஸ் கட் ரெடி. வட்டமாக வெட்டினால் கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். சதுரத்தில் அதைவிட நிறைய மிஞ்சும். உலகத்து வைரத்தில் பத்துக்கு ஒன்பது பட்டை தீட்டப்படுகிற சூரத்தில் எடைதான் காசு. வட்டத்தைவிட இது விலை குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான், அது நமக்கும் லாபம், மறுக்கவில்லை. ஆனால் 'பேஷன்' என்று நமக்குச் சொல்லப்படுவதில் பாதி, தூளாகாமல் தப்பித்த எடை.

மீதிப் பாதி இன்னும் மோசம். பிரின்சஸ் கட்டில் பட்டைகள் பொடிப்பொடியாக இருக்கும். ஒளி உள்ளே போய் நூறாகச் சிதறி வரும். அந்த மினுக்கில் உள்ளே இருக்கும் புள்ளி, விரிசல், மேகம் எல்லாம் கண்ணுக்குத் தப்பிவிடும். அக்கா கல்லின் சர்டிபிகேட்டில் எஸ்ஐ2 என்று போட்டிருந்தது. லென்ஸில் பார்த்தால் பழுது தெரியும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. உடைந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பெயர்ந்த மூலைக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை விரிசல்.

எமரால்டு கட்டில் இந்தப் பூச்சாண்டி நடக்காது. பட்டைகள் படிக்கட்டு மாதிரி நீளமாக இறங்கும். மேலே அகலமான ஜன்னல். உள்ளே ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் விற்பதற்குக் கஷ்டம். விற்பவருக்குக் கஷ்டமான கல் வாங்குகிறவருக்கு நல்ல கல். இதுதான் என் கட்சி.

இது வெள்ளைக்காரன் கட்சி என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றுகிற இடத்தில் வைரத்துக்கான நாலு குற்றங்கள் வருகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. அமெரிக்காவின் ஜிஐஏ 1953-ல் தரப்பட்டியல் போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நம்மவர்கள் பழுதைத்தான் முதலில் பார்த்தார்கள். இன்றும் பழைய வீடுகளில் வைரத்தோடு வாங்கினால் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். அதில் மூடநம்பிக்கை உண்டு, சண்டைக்கு வரவில்லை. ஆனால் கல்லை வீட்டு வெளிச்சத்தில், அவசரமில்லாமல், நாலு பேர் பார்க்கிறார்கள் பாருங்கள், அது நல்ல பழக்கம். அந்த ஆயாக்களின் பேத்திகளான நாம் பத்து விளக்குக்குக் கீழே பத்து நிமிஷத்தில் முடிவெடுக்கிறோம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒன்று, 20 சென்ட்டுக்குக் கீழே நீட்டக் கல் எடுபடாது. அந்த பட்ஜெட்டில் வட்டம் வாங்குங்கள். இரண்டு, எமரால்டு கட்டில் மஞ்சள் சாயலும் தெரியும். நிறம் ஜி, எச்சுக்குக் கீழேயும், சுத்தம் விஎஸ்2-க்குக் கீழேயும் போக வேண்டாம், அதற்கு விலை கூடும். அளவைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். மூன்று, சதுரம்தான் பிடிக்கும் என்றால் ஆஷர் கட் இருக்கிறதே! மினுக்கும் வேண்டும், மூலையும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் 1977-ல் ஹென்றி கிராஸ்பார்ட் கொண்டுவந்த ரேடியன்ட் கட். மூலை வெட்டியது, பட்டை பொடியானது. அதிலும் பழுது ஒளியும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆக, சதுரமா நீட்டமா என்பதே பாதிக் கேள்வி. மூலை எப்படி, பட்டை எப்படி என்பதுதான் முழுக் கேள்வி.

பிரின்சஸ்தான் வேண்டும் என்று அண்ணி அடம் பிடித்தால், நாலு மூலையையும் 'வி' வடிவத்தில் தங்கம் மூடிப் பிடிக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். சும்மா நாலு கம்பி நகம் போதாது.

லேப் வைரம் வாங்கினால்? அதுவும் வைரம்தான், இதே மூலை, இதே வாட்டம். 2023-ல் ஐஐடி மெட்ராஸுக்கு இந்த ஆராய்ச்சிக்காக மத்திய அரசு ஐந்து வருஷத்துக்கு சுமார் 243 கோடி ஒதுக்கியது. விலையும் நன்றாக இறங்கிவிட்டது. சுத்தமான நீட்டக் கல் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுவது இந்த வழியில்தான். திருப்பி விற்கிற கனவு மட்டும் வேண்டாம்.

நண்பா, உன் அண்ணனிடம் சொல். நேரு வீதியில் வாங்கினாலும் பாண்டிச்சேரி போய் வாங்கினாலும் கல்லை விளக்குக்கு வெளியே, கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொல். லென்ஸ் கேட்கச் சொல். தர மறுத்தால் எழுந்து வரச் சொல். உன் அண்ணி எந்தக் கல்யாணத்திலும் கையை மறைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

பி.கு: அக்காவுக்கு இந்தப் பதிவு தெரியாது. தெரிந்தால் கும்மி எனக்குத்தான். யாரும் போட்டுக்கொடுக்காதீர்கள்.