வேடன் கள்வனான கதை

காட்டை அழித்தவன் யார்? தண்டனை பெற்றவன் யார்? இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்போர் நம்மிடையே மிகச் சிலரே.

துரித மகாவலித் திட்டத்திற்காகப் பெருங்காடுகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. இருப்பிடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1983இல் மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. விலங்குக்குப் புகலிடம் தேடிய அரசு, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடருட் பெரும்பாலாரை ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அதுவரை பிழைப்பாயிருந்த வேட்டை அன்றுமுதல் களவாயிற்று.

வேட்டை தொடரின் விலங்கினம் அழியும் என்பர். இறைச்சி விற்கத் துப்பாக்கியுடன் புகுபவனால் அழியும் என்பது மெய்யே. ஆனால், குடும்பத்தின் வயிற்றுக்காக வேட்டையாடுபவனையும் அவனையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகுமா? காடு ஒழிந்தால் முதலிற் பட்டினி கிடப்பவன் வேடனே. ஆதலின் அதன் காவலுக்கு முதலுரிமை உடையவனும் அவனே. எவ்விலங்கை, எக்காலத்தில், எவ்வளவு கொள்ளலாம் என்பதை அவனோடு கூடியிருந்து வகுப்பதே அறிவுடைமை.

இது தொலைவிலுள்ள தம்பானையின் பிரச்சினை மட்டுமன்று. வாகரைப் பகுதியில் வாழும் தமிழ் பேசும் வேடர் நம் அயலவர். பழங்குடிகளின் உரிமைப் பிரகடனத்திற்கு ஐக்கிய நாடுகள் சபையில் 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆயினும், பூங்காவினுள் வேடனுக்கு வேட்டையுரிமை இன்றுமில்லை. நமக்கு உரிமை வேண்டும் என்று முழங்கும் நாம், அயலவனின் உரிமைக்கு வாய்திறவாதிருத்தல் அறமன்று.