நாம வித்தப்போ ஒரு யூரோ, நம்மகிட்ட கேட்கும்போது எழுபதா?



"கார்பன் வர்த்தகமா? அது ஐரோப்பாக்காரன் சமாச்சாரம். பெருமாள்மலைக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேக்குறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. முழுசா படிங்க.

மலைப்பூண்டை மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு இறக்குறோம். 2019-லயே புவிசார் குறியீடு வாங்கின பூண்டு. ஆனா விலை சொல்றது யாரு? வாங்குறவர்தான். நாடுகளுக்கு இடையே நடக்கிற கார்பன் வியாபாரமும் அச்சு அசல் இதேதான். கணக்கைப் பாருங்க.

1) நாம வித்த கதை

1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் 'சிடிஎம்' என்று ஒரு திட்டம் வந்தது. நம் நாட்டில் ஒரு டன் புகையைக் குறைத்தால் ஒரு கிரெடிட். பணக்கார நாடு அதை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். இதை நம்பி இறங்கியதில் நம்ம மாவட்டமும் உண்டு! திண்டுக்கல்லில் இயங்கும் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம், மில்களின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்து சிடிஎம்-ல் பதிவு செய்தது.

2008-ல் ஒரு கிரெடிட் 20 யூரோவுக்கு மேல் போனது. 2012 முடிவில்? ஒரு யூரோவுக்கும் கீழே!

நம்ம காற்றாலை நின்னு போச்சா? இல்லை, அது பாட்டுக்கு சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. ஐரோப்பாவில் பொருளாதார மந்தம். அவங்க ஆலைகள் கையிலேயே அனுமதிச் சீட்டு மிஞ்சிக் கிடந்துச்சு. போதாக்குறைக்கு, 2012-க்குப் பிறகு பதிவாகும் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் கிரெடிட்டை மட்டுமே ஏற்போம்னு கதவைச் சாத்திட்டாங்க. கடையும் அவங்களது, தராசும் அவங்களது.

2) இப்போ நாம கட்டுற கதை

2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி முழுமையா அமலுக்கு வந்திருக்கு. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம்னு பட்டியல் போட்டு, போல்ட், நட்டு வரைக்கும் சேர்த்திருக்காங்க. அதைத் தயாரிக்கும்போது வந்த புகைக்கு டன் கணக்கில் சான்று வாங்கணும். என்ன விலை? அவங்க சந்தை விலை! 2025-ல் அது பெரும்பாலும் 60 முதல் 80 யூரோ.

கட்டுறது அங்க இருக்கிற இறக்குமதியாளர்தானேன்னு சொல்லாதீங்க. அவர் அதை நம்ம ஆளுக்குக் கொடுக்கிற விலையில கழிப்பார். கமிஷன் மண்டிக்குப் போய் வந்த எல்லாருக்கும் இது தெரியும்.

இன்னைக்கு அந்தப் பட்டியல்ல நூல் இல்லை. ஆனா பட்டியலை நீட்ட அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கு. நீட்டினா அடி விழப்போறது வேடசந்தூர், திண்டுக்கல் மில்லுக்கு. அங்க ஷிப்ட் பார்க்கிறது நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

"அப்போ நீங்க சுற்றுச்சூழலுக்கு எதிரியா?"

புகை குறையணும். மழை தப்பினா முதல்ல அடி வாங்குறது மலை விவசாயிதான். ஆனா ஒரு இந்தியர் வருஷத்துக்கு விடுவது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு, ஒரு அமெரிக்கர் விடுவது சுமார் 14 டன். அதிகமா விட்டவன் விலையை நிர்ணயிக்கிறான், கம்மியா விட்டவன் கட்டுறான். இதுக்குப் பேரு நியாயமா?

நம் கோரிக்கைகள்:

✔ ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால், அதைக் கழித்துக்கொள்ள ஐரோப்பியச் சட்டத்திலேயே இடமிருக்கு. 2023-ல் அறிவித்த இந்தியக் கார்பன் சந்தையை ஒன்றிய அரசு உடனே ஒழுங்கா நடத்தட்டும். அந்தப் பணம் பிரஸ்ஸல்ஸ் போகாம இங்கேயே நிக்கட்டும்.

✔ அதில் வரும் பணம் சிறு ஆலைகளுக்குப் புது மெஷின் வாங்க மானியமா வரணும்.

✔ கிரெடிட்டுக்குக் குறைந்தபட்ச விலை உறுதியா இருக்கணும். 2012 மறுபடி வரக்கூடாது.

மலை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு யாராவது "உங்க காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்துக்குக் கார்பன் பணம் வாங்கித் தர்றோம்"னு பேப்பரோட வந்தா, மூணே கேள்வி கேளுங்க. விலையை யார் முடிவு பண்றது? எத்தனை வருஷம் மரத்துல கை வைக்கக் கூடாது? விலை விழுந்தா நஷ்டம் யாருக்கு? தமிழில் எழுதி, கிராம சபையில் படிச்சுக் காட்டாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீங்க.

படிச்சுட்டு சும்மா போகாதீங்க. மில்லுல வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிக்கு அனுப்புங்க!

#எங்கள்காற்று_எங்கள்விலை
#கார்பன்நீதி

– தகவல் தொழில்நுட்ப அணி, பெருமாள்மலை