ஒயர் எரிக்கிறவர் யார் கணக்கில்?

களமருதூரிலும் உளுந்தூர்பேட்டைப் பக்கமும் காயலான் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரப்பரோடு கொடுத்தால் ஒயருக்கு ஒரு விலை, செம்பை மட்டும் கொடுத்தால் வேறு விலை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஏரிக்கரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் கரும்புகை எழும்புகிறது. எரிப்பவர்களில் பலர் நம் காலனிக்காரர்கள். புகை வந்து படிவதும் பெரும்பாலும் காலனி மேல்தான்.

செம்பை உருக்கி 8 மில்லிமீட்டர் கம்பியாக வார்க்கிறார்கள். அதை அச்சுத் துளைகள் வழியே திரும்பத் திரும்ப இழுத்து மெலிதாக்குகிறார்கள். இழுக்க இழுக்க விறைத்துப்போகும் கம்பியைச் சூடேற்றி இளக்குகிறார்கள். எனாமல் பூசினால் பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கம்பி, பி.வி.சி. உறை ஏற்றினால் வீட்டு ஒயர். கரும்பு, நெல் வயலுக்குத் தண்ணீர் இறைப்பது இந்தக் கம்பிதான். அந்த வயல்களில் நமக்குச் சொந்தமானது எத்தனை என்பது வேறு கதை.

ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அப்படியிருந்தும் தூத்துக்குடியில் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போன பிறகுதான் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே போய்க் கேள்வி கேட்க ஒரு வாசலாவது இருந்தது. ஏரிக்கரை நெருப்புக்கு வாசல் ஏது?

பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. எரித்தால் அமில வாயுவும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் வரும். டையாக்சின் உருவாகச் செம்பே துணைபோகிறது. அது மண்ணில் தங்கி, புல் வழியாக மாட்டுக்கும் பாலுக்கும் போகும். இத்தனைக்கும் எரித்த செம்பு கறுத்துப்போவதால், உரித்த செம்பின் விலை அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் மெல்லிய ஒயரை பிளேடால் கீறி உரிக்க ஒரு நாள் போதாது.

சட்டம் இல்லாமல் இல்லை. உறையோடு கூடிய செம்பு ஒயர் கழிவு, 2016 அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், பிரித்தெடுக்கும் தொழிலாளர்களைப் பதிவு செய்வது, குழுவாகச் சேர்ப்பது, பயிற்சி தருவது, உடல்நலம் காப்பது எல்லாம் மாநிலத் தொழிலாளர் துறையின் பொறுப்பு என்கின்றன. எரித்தவரைப் பிடித்து அபராதம் போடுவது சுலபம். பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றத்தான் ஆளில்லை.

காலனியில் பிறந்தவருக்குக் கழிவு வேலைதான் என்று எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. ஒயர் உரிக்கும் இயந்திரமும் ஒரு கொட்டகையும் போட்டு, வாரிய அனுமதியோடு அவர்கள் முதலாளியாகலாம். மானியம் இருந்தும் வங்கி வாசலில் மனு திரும்பி வருவதுதான் வழக்கம். அதனால் முதல் மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுப்போம். ஒயர் எரிப்பவர்களைக் கணக்கெடுத்துத் தொழிலாளராகப் பதிவு செய்யுங்கள் என்று அதில் முதல் வரியாக எழுதுவோம்.